ஏரியும் கோயிலும்

பெரம்பலூர் மாவட்டமும் அரியலூர் மாவட்டமும் ஒரு காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் அதனின்றும் பிரிந்தது. மறு ஆண்டே மீண்டும் அதனோடு சேர்ந்தது. 2007இல் மறுபடியும் பிரிந்து நிலைபெற்றது. எல்லைக்கோடு எத்தனை முறை மாறினும், இவ்வட்டாரத்து மாணவர் சுற்றுலா என்றவுடன் உதகையையோ கன்னியாகுமரியையோ நினைப்பதே வழக்கம். தம் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய இரண்டு இடங்கள் உலகோர் கருத்தைக் கவர்ந்துள்ளன என்பதை அவருள் பலர் அறியார்.

ஒன்று, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில். யுனெஸ்கோ நிறுவனம் இதனை 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. மற்றொன்று, கரைவெட்டி ஏரி. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வேரி, 2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ராம்சார் நீர்நிலைகளுள் ஒன்றாயிற்று. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971இல் பல நாடுகள் கூடி, சிறந்த நீர்நிலைகளைக் காப்பதென உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கையின் கீழ் வரும் நீர்நிலைகள் அந்நகரின் பெயராலேயே வழங்குகின்றன.

இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டு திரும்புதல் கூடும். ஆனால் நாளை முன்னரே வகுத்துக்கொள்ளாது புறப்படுவோர் இரண்டையும் இழப்பர். நடுப்பகலில் ஏரியை அடைவோர் தொலைவில் சில கரும்புள்ளிகளைக் கண்டு, "இதற்கா வந்தோம்?" என்பர். பிற்பகல் ஒரு மணிக்குக் கோயிலை அடைவோர் சாத்திய கதவைக் கண்டு நிற்பர். பெரம்பலூரிலிருந்து ஒரு வகுப்பு மாணவர் அறுபதின்மர் புறப்படுவதாகக் கொள்வோம். அவர்தம் நாளை எவ்வாறு வகுத்தல் வேண்டும்?

முதலில் திங்களைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கோயில் ஆண்டு முழுதும் அங்கேயே இருக்கும். பறவைகள் அவ்வாறு இரா. ஆதலின் பறவைகளைக் கேட்டே நாளைக் குறிக்க வேண்டும். கரைவெட்டி ஏரிக்கு மழைநீரோடு புள்ளம்பாடி வாய்க்காலின் வழியே காவிரி நீரும் வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். அதே காலத்தில் வடபுலத்துப் பறவைகளும் வந்து இறங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அவை இங்கே தங்கியிருக்கும். நவம்பரில் அடைமழை அச்சம் உண்டு. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு குறுக்கிடும். பொங்கல் கழிந்த சனவரிக் கடைசி வாரமே பள்ளி மாணவர்க்கு ஏற்றது. அப்போது வானம் தெளிந்திருக்கும். ஏரியிலும் நீர் குறையாதிருக்கும்.

அடுத்தது, எதை விடுவது என்னும் வினா. சுற்றுலாவை வகுப்போர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வழியிலும் வழியை ஒட்டியும் காணத்தக்கன பல உள்ளன. சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது; பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்ததற்குச் சான்றான சிப்பிகளையும் நத்தைகளையும் கல்வடிவில் அங்கே காணலாம். அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவது அக்கடல்தான். கீழப்பழுவூரிலும் மேலப்பழுவூரிலும் பழுவேட்டரையர் காலத்துக் கோயில்கள் உள்ளன. பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. இவற்றுள் இரண்டைச் சேர்த்துக்கொண்டாலும் நாள் சிதறிவிடும். பேருந்தில் ஏறுவதும் இறங்குவதுமாகவே பொழுது போகும். இவை வேறொரு நாளுக்கு உரியவை.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரம்பலூரை விட்டுப் புறப்படுதல் வேண்டும். அரியலூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே கீழப்பழுவூர் வழியாகச் சென்றால், ஞாயிறு எழும் நேரத்தில் கரைவெட்டியை அடையலாம். சனவரிக் கடைசியில் அது ஆறரை மணியைச் சற்றே கடந்த நேரம். வனத்துறையினர்க்குச் சில நாள்களுக்கு முன்னரே எழுதி, வருவோர் எண்ணிக்கையைத் தெரிவித்து இசைவு பெற்றிருத்தல் நன்று. அவ்வூர்ப் பறவைகளை நாளும் காணும் காவலர் ஒருவர் உடன் வருவாராயின் அதனினும் நன்று. எந்தப் பறவை எந்த மூலையில் மேய்கிறது என்பதை அவர் அறிவார், புத்தகம் அறியாது.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 454 எக்டேர். அறுபது மாணவரும் வரிசையாகக் கரைமேல் நடந்தால், முதலில் செல்லும் பத்துப் பேருக்குப் பறவை தெரியும். ஏனையோர்க்கு எழுந்து பறந்துபோன வெறுந்தண்ணீர் தெரியும். ஆகவே மாணவரை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்து, கரையின் வெவ்வேறு இடங்களில் நிறுத்துதல் வேண்டும். பார்வைக் கோபுரத்தின்மேல் ஒரு குழு ஏறி இறங்கிய பின்னரே மற்றொரு குழு ஏறலாம். உடை மங்கிய நிறத்ததாக இருத்தல் நலம். கரையைவிட்டு நீர்ப்பக்கம் இறங்குதல் கூடாது. உணவுப் பொட்டலங்கள் பேருந்திலேயே இருக்கட்டும்.

அமைதியாக நின்றால் கால் மணி நேரத்தில் ஏரி தன்னைத் தானே காட்டத் தொடங்கும். கரையோரத்துச் செடிகளினிடையே நீலத் தாழைக்கோழி நடக்கும். நீரின்மேல் படர்ந்த இலைகளில் கால்விரல்களைப் பரப்பி இலைக்கோழி ஓடும். வெள்ளை நெற்றியும் கரிய உடலும் கொண்டு கூட்டமாக மிதப்பவை நாமக்கோழிகள். கழுத்தை மட்டும் நீருக்குமேல் நீட்டிப் பாம்புபோல் தோன்றுவது பாம்புத்தாரா. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே இடைவெளி விட்டிருக்கும். நத்தையின் ஓட்டினுள்ளிருந்து தசையை எடுக்க அதற்கு ஏற்ற கருவி அதுவே. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வருபவை. இங்கே 180க்கும் மேற்பட்ட பறவை வகைகள் காணப்பட்டுள்ளன. ஒரு காலையில் பதினைந்தை இனங்கண்டுகொண்ட மாணவன் நன்றாகப் பார்த்தவனே ஆவான். பெயர்களின் பட்டியலை நீட்டுவதைவிட ஒரு பறவையைக் கால் மணி நேரம் பார்ப்பது மேல்.

அவ்வாறு பார்ப்பதற்குரியது வரித்தலை வாத்து. வெளிர்சாம்பல் நிற உடல், வெண்ணிறத் தலை, தலையின் பின்புறம் இரண்டு கரிய பட்டைகள். அப்பட்டைகளே இதற்குப் பெயர் தந்தன. மங்கோலியா, திபெத் முதலிய உயர்ந்த நிலப்பகுதிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இவ்வாத்து, குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிறது. அறிஞர்கள் இதன் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி இதன் வழியைத் தொடர்ந்து ஆராய்ந்துள்ளனர். கடல்மட்டத்திற்குமேல் 7,000 மீட்டருக்கும் மிக்க உயரத்தில் இது பறந்தது பதிவாகியுள்ளது. அவ்வுயரத்தில் மூச்சுக்காற்று சமவெளியில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. மனிதர் அங்கே நடக்கவே இடர்ப்படுவர். இப்பறவையோ சிறகடித்துச் செல்கிறது. இதன் குருதியிலுள்ள செந்நிறப் பொருள் உயிர்வளியை மற்ற வாத்துகளினுடையதைவிட விரைந்து பற்றிக்கொள்ளும் இயல்பினது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட விளக்கம். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை இடப்பட்ட இவ்வாத்துகள் தென்னிந்திய நீர்நிலைகளில் காணப்பட்டதும் உண்டு.

இரவில் இவை வயல்களில் மேயும். பகலில் ஏரியில் ஓய்வுகொள்ளும். வயலிலிருந்து கூட்டங்கூட்டமாக ஏரிக்குத் திரும்பும் நேரம் வைகறையும் அதனை அடுத்த பொழுதுமே. மாணவரை நான்கரை மணிக்குப் படுக்கையிலிருந்து எழுப்புவதன் காரணம் இதுதான். இக்காரணத்தை முந்தின நாளே அவர்களுக்குச் சொல்லிவிட்டால், முணுமுணுப்பு பெரும்பாலும் குறையும்.

ஒன்பது மணிக்கு ஏரியை விட்டு நீங்கலாம். காலை உணவு வழியில். கங்கைகொண்ட சோழபுரம் உடையார்பாளையத்திற்கும் செயங்கொண்டத்திற்கும் அப்பால், வடகிழக்கே உள்ளது. ஒன்றரை மணி நேரத்திற்குக் குறையாது. சிமெண்டு ஆலை லாரிகள் மிகுந்த சாலையாதலின் ஓட்டுநரை விரைவுபடுத்தலாகாது. பதினொன்றேகால் மணிக்குக் கோயிலை அடைவதாகக் கணக்கிடுவதே முறை.

கருவறையின் நடை பகலில் பன்னிரண்டரை மணி அளவில் சாத்தப்பட்டு, மாலை நான்கு மணிக்குத் திறக்கப்படும். ஆகவே, வந்தவுடன் உள்ளே சென்றுவிட வேண்டும். ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள இலிங்கத்தைக் கண்டு வெளிவந்த பின், கோயிலின் புறத்தை ஆர அமரக் காணலாம்.

முதலாம் இராசேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்ட சோழ வேந்தன். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசனின் மகன். அவன் படை வடக்கே கங்கை வரை சென்று, வங்கத்துப் பால வேந்தன் மகிபாலனையும் வென்று மீண்டது. அவ்வெற்றியின் பின், 1025ஆம் ஆண்டை ஒட்டி, தலைநகரைத் தஞ்சையிலிருந்து இங்கே மாற்றினான். ஏறத்தாழ 250 ஆண்டுகள் இது சோழர்தம் தலைநகராய் விளங்கிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சோழப் பேரரசு பாண்டியரால் அழிந்தது, நகரும் அழிந்தது. இன்று கோயிலைச் சுற்றிக் காணப்படுவது ஒரு சிற்றூர்.

இங்கே வழிகாட்டியின் பொறுப்பு பெரிது. பழைய கோயில்களைப் பற்றிக் கேள்விப்பட்டவற்றையெல்லாம் சொல்லிவிடுதல் எளிது, மாணவர் வியப்பர். சான்றுள்ளதையும் சான்றில்லாததையும் பிரித்துச் சொல்பவரே நல்ல வழிகாட்டி. தந்தை எடுத்த கோயிலை விஞ்சலாகாது என்று கருதியே மகன் விமானத்தைத் தாழ்த்திக் கட்டினான் என்று சொல்வதுண்டு. அழகிய எண்ணந்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு: தஞ்சை விமானம் நேர்க்கோடாக மேலெழுந்து கூம்புகிறது; இவ்விமானமோ மேலே செல்லச் செல்ல உள்வாங்கி வளைந்து கூம்புகிறது. அங்கே மிடுக்கு, இங்கே நளினம். கோயில் முற்றத்திலுள்ள சிங்கக் கிணறு சோழன் கங்கை நீரை ஊற்றிய கிணறு என்று வருவோர்க்குச் சொல்லப்படும். அதன் சிங்க முகப்போ உடையார்பாளையம் சமீன்தாரால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது மற்றொரு கதை. தஞ்சையைப் பற்றியும் இதனைச் சொல்வர். இதனை மறுக்கச் சொற்பொழிவு வேண்டா. ஒரு மீட்டர்க் கோலும் அளவு நாடாவும் போதும். சனவரிக் கடைசியில் இவ்வூரில் ஞாயிறு உச்சியை அடைவது கடிகாரப்படி 12 மணி 25 நிமிட அளவில். ஏறத்தாழ நடை சாத்தும் நேரம். அப்போது ஞாயிறு நேர் தலைக்குமேல் இராது, தெற்கே சாய்ந்திருக்கும். மீட்டர்க் கோலைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் நிழல் வடக்கே அறுபது சென்டிமீட்டரை ஒட்டி நீளும். விமானத்தின் உச்சி நிழலும் வடபுற முற்றத்தில் தெளிவாக விழுந்து கிடக்கும். அந்நிழலின் நுனியிலிருந்து விமானத்தின் அடிச்சுவர் வரை அளந்து, அடியின் அகலத்தில் பாதியைக் கூட்டி, வந்த தொகையைக் கோலின் நிழலளவால் வகுத்தால், விமானத்தின் உயரம் மீட்டரில் கிடைக்கும். நூல்கள் 53 மீட்டர் என்றும் 55 மீட்டர் என்றும் பலவாறு கூறுகின்றன. மாணவர்க்குக் கிடைக்கும் விடை அதனின்று சிறிது மாறலாம். வகுப்பில் கற்ற ஒத்த முக்கோணம் எதற்குப் பயன்படும் என்ற வினாவோ பிறகு எழாது.

நிழலை அளந்த முற்றத்தினின்றே வடபுற வாயிற்படியை அடையலாம். படிக்கு அருகே சண்டேசர்க்கு அருள்புரியும் சிவபெருமானின் சிற்பம் உளது. பணிந்து அமர்ந்திருக்கும் அடியவரின் தலையில் இறைவன் தன் கையால் மாலையைச் சுற்றுகிறான். அருகே உமை அமர்ந்திருக்கிறாள். கல்லில் வடித்த அம்மாலை தளர்வாக வளைந்து செல்கிறது. கங்கை வெற்றிக்குப் பின் தனக்கு இறைவனே முடிசூட்டியதாக மன்னன் கருதிய கருத்தே இவ்வடிவம் பெற்றது என்பர் சிலர். கருத்து எவ்வாறாயினும், சண்டேசரின் முகத்திலுள்ள அடக்கத்தைக் காண ஐந்து நிமிடமேனும் அங்கே நிற்க வேண்டும்.

கட்டுச்சோற்றை மரநிழலில் உண்ட பின், தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் அளவிலுள்ள மாளிகைமேட்டிற்குச் செல்லலாம். 1980 முதல் பலமுறை நடந்த அகழ்வாய்வுகளில் சோழர் அரண்மனையின் செங்கற் சுவர்கள் அங்கே வெளிப்பட்டன. அரண்மனைக் கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்லும் மாணவர் ஏமாற்றமடைவர். மண்ணுக்குள் செல்லும் சுவரின் அடித்தளமே அங்கே உள்ளது. கோயில் கருங்கல்லாலானது, அரசன் வாழ்ந்த வீடு செங்கல்லாலானது. ஒன்று நின்றது, மற்றொன்று மண்ணுள் மறைந்தது.

கருங்கல்லும் முழுதும் தப்பவில்லை. இவ்வூரின் அருகே கல்மலை எதுவும் இல்லை. இக்கற்கள் தொலைவிலிருந்து வந்தவை. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டியபோது, இக்கோயிலின் திருச்சுற்று மதில் இடிக்கப்பட்டு அதன் கற்கள் அவ்வணைக்கு எடுத்துச் செல்லப்பட்டன. இதனைக் கேட்டவுடன் மாணவர் சினங்கொள்வர், அது இயல்பே. அவ்வணையால் இன்றும் வயல்கள் பாய்ச்சல் பெறுகின்றன என்பதையும் வழிகாட்டி மறைக்கலாகாது. அதன் பின் நடக்கும் வழக்காட்டை அவர் குறுக்கிட்டு முடித்துவைக்கத் தேவையில்லை.

கடைசியாகக் காணவேண்டியது, பெரும்பாலோர் காணாது திரும்புவது: பொன்னேரி. இதுவே இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம். கங்கையிலிருந்து குடங்களில் கொணர்ந்த நீரை அவன் இவ்வேரியில் சேர்த்தான். பிற மன்னர் வெற்றித் தூணைக் கல்லால் நட்டனர். இவன் நீரால் நட்டான் என்னும் கருத்துப்படத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இதன் கரை 16 மைல் நீளம் இருந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கரை உடைந்தது, வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன. ஏரியின் அகத்தில் பெரும்பகுதி காடாகவும் வயலாகவும் மாறிற்று. எஞ்சிய சிறு ஏரியைச் சீரமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2025இல் அறிவித்தது.

காலையில் கண்ட ஏரியோடு இதனை ஒப்பிட இதனினும் தக்க இடமில்லை. இரண்டும் கரையிட்டுத் தேக்கிய ஏரிகளே. கரைவெட்டியின் கீழ் உழவர் உள்ளனர். வாய்க்காலில் நீர் வருகிறதா என்று அவர்கள் நாள்தோறும் பார்க்கின்றனர். அவர்கள் பயிருக்கென வந்த நீரில்தான் மங்கோலியாவிலிருந்து வந்த வாத்தும் மிதக்கிறது. வாய்க்கால் ஓர் ஆண்டு தூர்ந்துபோனால் வயலும் வறளும். பறவையும் வேறிடம் தேடும். பேரரசன் வெட்டிய ஏரியோ, அதன் கால்வாய்களைத் தூரெடுப்பார் இல்லாதபோது தூர்ந்தது. கரைமீது நிற்கும் மாணவர்களிடம் ஆசிரியர் ஒரு வினாவை மட்டும் எழுப்பலாம்: காலையில் கண்ட ஏரிக்கு நீர் வரும் வழி எது? அதனை இன்று தூரெடுப்பவர் யார்? விடையை அவர்கள் தம் ஊர் ஏரியைப் பற்றியும் எழுதிக்கொண்டு வரட்டும்.

நான்கரை மணிக்கு மீண்டும் கோயிலுக்குச் சென்றால், சாயும் வெயில் விமானத்தின் மேற்குப் பக்கத்தைச் செம்பொன்னாக்கும். நண்பகலில் அளந்த நிழல் இப்போது முற்றத்தைக் கடந்து வடகிழக்கே நெடுந்தொலைவு நீண்டிருக்கும். ஐந்தேகால் மணிக்குத் தலைகளை எண்ணிப் பேருந்தில் ஏற்றுதல் வேண்டும். பெரம்பலூர் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஏழரை மணிக்குள் பள்ளியை அடையலாம். பெற்றோரிடம் எட்டு மணி என்று சொல்லிவைத்தல் நலம்.